அடுக்கி எடுத்த படங்களுக்கும் உணர்ச்சி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருள்களை மேசையில் அடுக்கி வைத்து எடுக்கப்படும் ஒளிப்படங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுமே தவிர, மனித உணர்ச்சியைச் சொல்ல உதவாது என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை ஒன்று கூறியிருந்தது. இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

1894இல் புடாபெஸ்டில் பிறந்து, பாரீஸில் பெயர்பெற்று, 1936இல் நியூயார்க் சென்று அங்கேயே வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்டேஸ், 1977இல் தம் மனைவி எலிசபெத்தை இழந்தார். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. கடையொன்றில் கண்ட சிறிய கண்ணாடி மார்பளவுச் சிலையின் கழுத்தும் தோளும் எலிசபெத்தை நினைவூட்டியதால் அதை வாங்கி வந்து, நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தைப் பார்த்திருந்த தம் வீட்டு ஜன்னலோரத்தில் வைத்து, எடுத்தவுடனேயே அச்சுப் படம் தரும் போலராய்டு கேமராவால் மீண்டும் மீண்டும் படமெடுத்தார். சிலையை நகர்த்துகிறார், வெளிச்சம் மாறக் காத்திருக்கிறார், எதிரிலுள்ள கட்டடங்களும் வானமும் கண்ணாடிக்குள் வளைந்து கரைகின்றன. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தப் படங்களில் எலிசபெத் இல்லை, அழுகிற முகம் எதுவுமில்லை. ஆயினும் ஒரு முதியவரின் தனிமையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய வேறு படங்களை நான் பார்த்ததில்லை. 1981இல் அவை நூலாக வெளிவந்தபோது அதை மனைவிக்கே காணிக்கையாக்கினார். எதை எங்கே வைப்பது என்று அவர் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அந்தத் துயரம் இருக்கிறது. அவ்வாறிருக்க, அடுக்கி வைத்ததாலேயே அது பொய்யாகிவிடும் என்பது எப்படிப் பொருந்தும்?

தட்டின் விளிம்பில் சாய்ந்த முள்கரண்டியையும் அதன் நிழலையும் மட்டுமே கொண்டு 1928இல் கெர்டேஸ் எடுத்த படம், வெள்ளிக் கரண்டி விளம்பரத்துக்கும் பயன்பட்டது; கலைப்படைப்பாகவும் இன்றுவரை போற்றப்படுகிறது. முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பிராக் நகரத்து ஒளிப்படக் கலைஞர் யோசெஃப் சுடெக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். நாஜிகளின் பிடியில் நகரம் இருந்த ஆண்டுகளில் அவர் தம் பணியறை ஜன்னலையே திரும்பத் திரும்பப் படமாக்கினார். தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளை, முட்டை, ரொட்டித் துண்டு ஆகியவையே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

செய்திப் படத்தில் ஒரு பொருளை இடம் மாற்றி வைப்பது குற்றம்தான். நடந்தது நடந்தபடி என்ற நம்பிக்கையில் வாசகர் அதைப் பார்க்கிறார். அந்த விதியை ஒளிப்படக் கலை முழுமைக்கும் நீட்டியதே கட்டுரையின் பிழை என்று கருதுகிறேன்.

வாசகர்களின் படங்களை வெளியிடும் பக்கத்தில் திருவிழா, இயற்கைக் காட்சி, குழந்தை முகங்கள் ஆகியவற்றுடன், வீட்டுப் பொருள்களை வைத்து எடுக்கப்படும் படங்களுக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நிழலும் பொருளின் மேற்பரப்பும் தெரியும்படி அவற்றைச் சற்றுப் பெரிதாக அச்சிட்டால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்