செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் கார் சங்கத்தின் நிர்வாகக் குழு வழக்கம்போல் கூடியது. இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிப்பாளையம் பந்தயத் தடங்களில் டிராக் டே, அதாவது உறுப்பினர்கள் தங்கள் காரை வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள், நடத்தினோம். ஏலகிரிக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். ஆயுதபூஜை நல்லபடியாக நடந்தது.

அடுத்து, டிராக்கில் இறங்கும் முன் கார்களுக்குச் செய்யும் பிரேக் பரிசோதனை. இதை விரிவாகவே சொல்ல வேண்டும். அதைக் கட்டாயமாக்கும் விதியைக் கொண்டுவந்தவன் நான், புகார்களும் என்னிடம்தான் வந்தன.

ஆண்டுத் தொடக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நம் உறுப்பினர் ஒருவரின் ஆக்டேவியா கார் நேர்ப்பாதை முடிவில் நிற்காமல் மண்ணுக்குள் இறங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிதித்தால் பெடல் தரை வரை போகிறது என்றார். சூடு ஆறிய பிறகு சக்கரத்தைக் கழற்றினோம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. டிஸ்கைப் பிடித்து நிறுத்தும் பேடின் ஓரம் வெளுத்து, நகம் பட்டாலே உதிர்ந்தது. ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்ததும் பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் குமிழியோடு வந்தது. அந்தக் காரில் புது டயர், புது எக்ஸாஸ்ட், இன்ஜின் கணினியை மாற்றியமைக்கும் ஈசியூ ரீமேப் எல்லாம் உண்டு. பிரேக் ஆயிலை மட்டும் மாற்றவே இல்லை.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. ஊருக்குள் 40 கிலோமீட்டரில் நிறுத்துவதோடு ஒப்பிட்டால், டிராக்கில் 160-லிருந்து நிறுத்துவது 16 மடங்கு வேலை. அதுவும் சுற்றுக்குச் சுற்று. டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். சென்னைக் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். மிதிக்கிற மிதி ஆவியை அமுக்குவதோடு சரி, பேடை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பருக்குப் போய்ச் சேராது.

அதனால்தான் ஒவ்வொரு டிராக் டேக்கு முன்பும் ஆயில், பேட் தடிமன், டிஸ்கில் விரிசல், ஆயில் ஹோஸ் ஆகியவற்றைப் பார்த்த பிறகே காரை உள்ளே விட்டோம். "பெரிய கேலிப்பர் போட்டால் தீர்ந்தது, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்கு மிதிக்க முடிகிறது என்றால் அதற்கு மேல் நிறுத்த வேண்டியது டயர்தான். பெரிய டிஸ்க் கூடுதல் சூட்டைத் தாங்கும், அது உண்மை. ஆனால் முன்பக்கம் மட்டும் மாற்றினால் முன்-பின் பிரேக் சமநிலை கெடும். சக்கரத்துக்குள் இடமும் வேண்டும். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. டிராக் சூட்டில் ஓட்டையைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். என் வரிசை இதுதான்: நல்ல ஆயில், டிராக் பேட், பிறகு டிஸ்குக்குக் காற்று போக டக்ட். இவ்வளவும் செய்தும் போதவில்லை என்றால் பெரிய பிரேக் கிட் வாங்கலாம்.

பேட் மாற்றியவர்கள் அதைப் பதப்படுத்தாமல் வருவதும் நடக்கிறது. 100-லிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல், பலமுறை பிடித்து விட்டு, அப்புறம் நன்றாக ஆறவிட வேண்டும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வாருங்கள். தடத்தோரம் கார் நிறுத்தும் பிட்டில் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் நிறுத்துங்கள். டிராக் பேட் குளிரில் சரியாகப் பிடிக்காது, கத்தவும் செய்யும். வீட்டுக்குப் போகும்போது பழைய பேடையே போட்டுக்கொள்ளுங்கள்.

விதி வந்த பிறகு நம் கார் ஒன்றுகூட பிரேக் இல்லாமல் மண்ணில் இறங்கவில்லை. செட்டிப்பாளையம் குட்டையான டிராக், பிரேக் ஆற நேரம் கிடைக்காது. அங்கேயும் பிரச்சினை இல்லை. ஆயில் மாற்றச் சனிக்கிழமை ஏற்பாடு செய்தபோது வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்களில் பாதிப்பேர் வரவில்லை. அவர்களில் சிலர்தான் டிராக் வாசலில் "இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார்" என்றார்கள். நான் விடவில்லை. அதில் மனவருத்தம் உள்ளவர்கள் இன்று வரவில்லை என்று தெரிகிறது. அவர்கள் வந்திருக்க வேண்டும். சங்கப் பணத்தில் வாங்கிய, ஆயில் மாற்றும் கருவியான பிளீடர் மூடி இல்லாமல் திரும்பி வந்தது. வெப்பமானி இன்னும் ஓர் உறுப்பினர் வீட்டில்தான் இருக்கிறது.

வரவு செலவை நம் பொருளாளர் தனியாக வைப்பார். கையிருப்பு உண்டு, தாராளமாக இல்லை. சந்தா நிலுவை கணிசமாக இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகக் கட்டாதவர்களும் டிராக் டேக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறார்கள்.

தலைவருக்கும் துணைத்தலைவருக்கும், வெயிலில் நின்று சக்கரம் கழற்றிய இளைஞர்களுக்கும், மதிய உணவு தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பரிசோதனையை மட்டும் கைவிட வேண்டாம். சில கார்களில் ஏபிஎஸ் பம்பில் தங்கும் பழைய ஆயிலை எடுக்க ஸ்கேனர் வேண்டும். நிலுவையில் ஒரு பகுதி வந்தாலே வாங்கிவிடலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு எட்டரைக்குத்தான், அதுவரை நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்