ஜைரோபிளேன் குட்டி ஹெலிகாப்டர் அல்ல

ஆசிரியருக்கு,

ஜைரோபிளேன் பறக்கும் விதிகள் குறித்துத் தங்கள் இதழில் வந்த செய்தி, அதைச் 'சிறிய ஹெலிகாப்டர்' என்று குறிப்பிட்டிருந்தது. பெயர்க் குழப்பம் பழையதுதான். ஸ்பெயின் பொறியாளர் ஹுவான் டி லா சியெர்வா 1923-இல் வெற்றிகரமாகப் பறக்கவைத்த ஊர்தி 'ஆட்டோஜைரோ'. அது அவர் நிறுவனத்தின் வணிகப் பெயரானது. அமெரிக்கப் பொறியாளர் இகோர் பென்சனின் சிறு ரகம் 'ஜைரோகாப்டர்' ஆனது. அமெரிக்க விமான விதிகள் 'ஜைரோபிளேன்' என்ற பொதுப்பெயரை எடுத்துக்கொண்டு, ஹெலிகாப்டரிலிருந்து தனி வகுப்பாகவே வைத்துள்ளன.

அந்தப் பிரிப்பு வெறும் காகிதக் கணக்கு அல்ல. பறக்கும்போது ஜைரோபிளேனின் சுழலிக்கு, அதாவது தலைக்கு மேல் சுழலும் இறக்கைகளுக்கு, இன்ஜின் விசை போவதில்லை. கீழிருந்து மேலேறும் காற்றே அதைச் சுழற்றுகிறது. இன்ஜின் நின்றாலும் சுழலி நிற்காது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: கட்டுப்பாட்டுத் தண்டைச் சட்டென்று முன்னே தள்ளினால் சுழலியின் மீதான பளு குறைந்து, அது சுழற்சி வேகத்தை இழக்கும். சாதாரண விமானம் ஓட்டிப் பழகிய கையோ அப்படித்தான் தள்ளப் பார்க்கும். நான் இதற்கு மாறியபோது பயிற்றுநர் முதலில் போக்கியது அந்தப் பழக்கத்தைத்தான். புத்தகம் படித்து அது போயிருக்காது. ஆகவே, ஏற்கெனவே விமான உரிமம் உள்ளவர்களுக்கு வேறு சலுகைகள் தந்தாலும், பயிற்றுநருடன் ஜைரோபிளேனிலேயே பறந்து பெறும் பயிற்சியை விதிகள் கட்டாயமாக்க வேண்டும்.