புதுச்சேரிக் கடற்கரையில் நடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

குழு நடை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் வணக்கம்.

மாலை ஐந்தரைக்குக் காந்தி சிலையடியில் முப்பது பேரைக் கூட்டி, இடுப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கிளம்பும் நடையை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். நேரமும் சரியில்லை, எண்ணிக்கையும் சரியில்லை. பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டாமலே முடித்துக்கொள்வது எல்லாவற்றையும்விட மோசம்.

கடற்கரைச் சாலை தெற்கு வடக்காகக் கிடக்கிறது. கட்டடங்களின் முகம் கிழக்கே, கடலைப் பார்த்து. மாலை வெயில் அவற்றின் முதுகில்தான் விழும். எடுக்கும் படத்திலெல்லாம் சுவர் கறுத்துத் தெரியும். காலை ஆறேகாலுக்குத் தொடங்கினால் வெளிச்சம் நேராக முகப்பில் இருக்கும். மாலை ஆறு முதல் மறுநாள் காலை ஏழரை வரை அங்கே வண்டிகளுக்குத் தடை என்பதால், ஒன்றேகால் மணி நேரம் சாலை உங்கள் கையில். மாலையிலும் வண்டி இல்லைதான். ஆனால் ஊரே அங்கு காற்று வாங்க வந்திருக்கும், நின்று பேச இடம் கிடைக்காது. விளக்கம் சொல்லும்போது கடலைப் பார்த்து நீங்கள் நில்லுங்கள். கண்கூசுவது உங்களோடு போகட்டும், வந்தவர்கள் கட்டடத்தைப் பார்க்கட்டும்.

ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் வளையம் இரண்டு வரிசையாகும், அலைச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்காது, ஒலிபெருக்கி வரும். அதே பெட்டியோடு துய்மா வீதிக்குள் நுழைந்தால், தெருவை ஒட்டியே படுக்கையறை இருக்கும் வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்கு என்ன சொல்வார்? மஞ்சள் சுவர் முன்னால் படமெடுக்க அவர் வீட்டுப் படியில் ஏறவும் விடாதீர்கள்.

இனி, சொல்லும் செய்தி. ‘இதெல்லாம் முந்நூறு வருஷத்துக் கட்டடம்’ என்று கையை வீசிக் காட்டுவது தவறு. 1761இல் ஆங்கிலேயர் கோட்டையையும் பிரெஞ்சுப் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் திரும்பப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் கட்டியவையும் அதற்குப் பின் வந்தவையும்தான் இன்று நிற்பவை. பழைய கலங்கரை விளக்கம் 1836இல் ஏற்றப்பட்டது. மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடமோ 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டப்பட்டது. அதைச் சொல்லாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று நிறுத்துவது பாதி உண்மை. காந்தி சிலையைச் சுற்றிய எட்டுக் கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை. சிலைக்காகச் செதுக்கியவை அல்ல. பக்கத்தில் போய் வேலைப்பாட்டைக் காட்டினால் அவர்களுக்கே புரியும்.

அன்று துறைமுகம் இல்லாத ஊர் இது. கப்பல் வெளியே நங்கூரம் போடும். சரக்கும் ஆளும் கயிற்றால் தைத்த சலங்குப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வரும். ஆணி அடித்த படகு அலையறைந்து பிளந்துவிடும், தைத்த பலகை வளைந்து கொடுக்கும். 1866இல் கடலுக்குள் நீட்டிய இரும்புப் பாலம் வந்தது, 1952 புயலில் போனது. கடல் வாங்கியிருக்கும் நேரத்தில் அதன் கால்கள் தலைகாட்டும். இந்த ஊர் ஏன் இங்கே உண்டானது என்பதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. எல்லோரும் ஏனோ இதைத் தாண்டிப் போகிறார்கள்.

‘பீச் எங்கே?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. எண்பதுகளின் கடைசியில் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கட்டிய அலைத்தடுப்புச் சுவர் அதை மறித்தது. வடக்கே கரை அரித்தது. பாறாங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. தலைமைச் செயலகத்துக்கு எதிரே இப்போதுள்ள மணல், கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபின் சேர்ந்தது. இதைக் கல்லின் மேல் ஏறி நின்று சொல்ல வேண்டாம். கீழ்க் கற்களில் பாசி வழுக்கும், இடுக்கில் கால் போனால் கணுக்கால் முறியும்.

ஏழரைக்கு வண்டிகள் வரத் தொடங்கியதும் மேற்கே திரும்புங்கள். வடக்கு தெற்கு வீதிகளில் காலையில் கிழக்குப் பக்க நடைபாதையில்தான் நிழல். அரவிந்தர் ஆசிரமம் எட்டு மணிக்குத் திறக்கும். சொல்ல வேண்டியதை வாசலுக்கு வெளியிலேயே சொல்லி முடித்துவிடுங்கள், உள்ளே பேச்சு கூடாது. அங்கிருந்து பொடிநடையாகப் போனால் பெரிய வாய்க்கால்.

அதைத் தாண்டினால்தான் நடை முழுமை. வைசியாள் வீதியில் தெருவுக்கு நீட்டிய தாழ்வாரம், அதன் மரத்தூண், உள்ளே திண்ணை எல்லாம் செப்பனிட்ட நிலையில் வரிசையாகப் பார்க்கலாம். கேட்காமல் திண்ணையில் உட்கார வேண்டாம். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய, பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் தரகருமான) ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு, நகரின் மிகப் பழைய வீடுகளில் ஒன்று, இந்தப் பக்கம்தான் இருக்கிறது. கீழ்த்தளம் தமிழ் முற்றம், மேல்தளம் பிரெஞ்சுத் தூண்கள். முன்கூட்டி அனுமதி வாங்காமல் உள்ளே காட்டுவதாகச் சொல்லிவிடாதீர்கள். ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். இந்தக் கடைசி நாற்பது நிமிடத்தை வெட்டிவிட்டுக் கைவினைக் கடையில் கொண்டுபோய் நிறுத்துவது எதற்காக என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: தாழ்வார வீதி முதலில், மழை விட்டால் கடற்கரை. அந்த மாதங்களில் அலை கல்லைத் தாண்டித் தெறிக்கும், தரை வழுக்கும். தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சக்கர நாற்காலியில் வருபவருக்குக் கடற்கரைச் சாலை மட்டும்தான் வசதி. வீதி நடைபாதைகள் உயர்ந்தும் வாசலுக்கு வாசல் சரிந்தும் இருக்கும். அவருக்குக் காலை ஆறேகால் முதல் ஏழரை வரை மட்டும் தனி நடை வைத்து, அதற்கேற்ற கட்டணம் வாங்குங்கள். எந்த நேரம், எத்தனை பேர், வாய்க்காலைத் தாண்டுமா என்ற மூன்றையும் முன்பதிவின்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்த வீதிகளில் நடை நடத்தும் உங்கள் சக வழிகாட்டிகள்