270 ஊக்கும் ஒரு பொந்தையும்

நகரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், பக்கத்து வீட்டில் இரண்டு தறி சேர்த்துப் போட்டுவிட்டார்கள். நான் சொல்வதில் பாதி அந்தச் சத்தத்தில் போய்விடும். அதனால் கடிதம்.

நீ தைக்கிற ஒட்டுப் போர்வையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டி சேலையைச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கியிருப்பது நன்றாக வந்திருக்கிறது. ஆனால் குண்டூசி குத்திய இடமெல்லாம் துணி சுருங்கி நிற்கிறதே, கவனித்தாயா? நீ தைப்பதில் தப்பில்லை. ஊசிதான் சரியில்லை. கலர் கலராகப் பிளாஸ்டிக் தலை வைத்த டப்பா ஒன்று வாங்கியிருக்கிறாய். பார்க்க அழகாக இருக்கும். கம்பியோ, காகிதம் குத்துகிற ஆபீஸ் குண்டூசி அளவுக்குத் தடிமன்.

பாட்டியின் சேலை முப்பது வருஷம் துவைத்துத் துவைத்து மல் துணி மாதிரி ஆகிவிட்டது. அதில் தடித்த ஊசி குத்தினால் நூலை விலக்கிக்கொண்டு போகாது, தள்ளிக்கொண்டு போகும். நூல் அறுந்தும் போகலாம். பழைய துணிக்கும் பட்டுக்கும் அரை மில்லிமீட்டர் கனத்தில் மெல்லிய ஊசியாக வாங்கு. கடையில் பட்டு ஊசி, சில்க் பின் என்று கேட்டால் கொடுப்பார்கள். வாங்குமுன் நகத்தின் மேல் முனையை லேசாக இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு போனால் நல்ல முனை. சுரண்டினால் பிசிறு இருக்கிறது, அந்தப் பிசிறு துணியில் நூலை இழுக்கும்.

நீளமும் பார்க்க வேண்டும். ரவிக்கைக்கு ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். நீ தைப்பது அடுக்குத் துணி. ஒன்றே முக்கால் இஞ்சு நீளமுள்ளது வேண்டும், இல்லையென்றால் உள்ளே போன முனை திரும்பி மேலே வராது. நீளம் கூடும்போது கம்பியும் கொஞ்சம் கனமாக இருக்கும், இல்லாவிட்டால் வளைந்துவிடும். அதனால் இரண்டு டப்பாவாக வாங்கிவிடு. துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்க மெல்லியது, அடுக்கு சேர்ந்த பிறகு ஓரத்துக்கு நீளமானது.

தலை கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்பதைக் கட்டாயம் கேள். ஒவ்வொரு தையலுக்கும் அயர்ன் போடுகிறேன் என்று சொன்னாயே, நல்ல பழக்கம். பிளாஸ்டிக் தலை மேல் சூடான பெட்டி பட்டால் உருகித் துணியில் ஒட்டிக்கொள்ளும், பெட்டியின் அடியிலும் ஒட்டும். பூ மாதிரி தட்டைத் தலை வைத்தும் வருகிறது. அதன் மேல் ஸ்கேல் ஆடாமல் உட்காரும், வெட்டுவதற்கு வசதி. அதுவும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், அயர்ன் பக்கம் கொண்டுபோகாதே. கண்ணாடித் தலைக்கு அந்தப் பயம் இல்லை.

இனி அப்பா செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். நீ ஆறாவது படிக்கும்போது. ஐப்பசி மழை, கடைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாண வீட்டு ரவிக்கை, சந்தன நிறப் பட்டு. லைனிங் சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்துவிட்டு, மழை விடட்டும் என்று மூன்று நாள் தொடவில்லை. எடுத்துப் பார்த்தால் முன்பக்கத்தில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி. ஊசி துருப்பிடித்து விட்டது. வெள்ளைப் பருத்தியாக இருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டுப் போக்கியிருக்கலாம். பட்டில் அதைச் செய்யத் துணிவு வரவில்லை. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் அதிகமாகச் சுட்டது. திருத்தணிக்கு பஸ் பிடித்துப் போய் அதே நிறத்தில் துணி தேடி எடுத்து வந்து, இரவோடு இரவாகத் தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து இரண்டு விஷயம். முலாம் உரிந்த ஊசி என் கடையில் இருக்காது. துணியில் ஊசியோடு ஒரு இரவுக்கு மேல் எதையும் விடமாட்டேன்.

அம்மா செய்த அந்தக் கறுப்பு ஊசித் தலையணை ஞாபகம் இருக்கிறதா? உள்ளே பஞ்சு இல்லை, சீப்பில் உதிர்ந்த முடி. அருவருப்பாக இருக்கிறது என்று நீ தொடமாட்டாய். முடியில் இருக்கும் எண்ணெய்ப் பசைதான் ஊசியைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்கிறது. உனக்கு ஒன்று செய்து தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன், அம்மா சிரிக்கிறாள்.

அப்புறம், குத்துகிற விதம். தையல் போகும் கோட்டுக்குக் குறுக்காகக் குத்து, தலை உன் வலது கைப் பக்கம் வெளியே நிற்கட்டும். மெஷினின் பாதம் கிட்டே வரும்போது ஊசியை இழுத்துவிடு. ஊசி மேலேயே மெஷினை ஓட்டிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. நூறு முறை தப்பிக்கும், நூற்றியோராவது முறை மெஷின் ஊசி குண்டூசி மேல் இறங்கி ஒடியும். ஒடிந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. எலும்பு முறிந்தால் பக்கத்திலேயே புத்தூர் இருக்கிறது, கட்டுப் போட்டுவிடுவார்கள். கண்ணுக்கு எந்த ஊரில் கட்டுப் போடுவது?

நாலு சதுரம் சேரும் நாற்சந்திதான் உனக்குத் தகராறு செய்கிறது, படத்தில் தெரிகிறது. மேல் வரிசையின் மடிப்பை இடது பக்கமும், கீழ் வரிசையின் மடிப்பை வலது பக்கமும் அயர்ன் செய். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றுக்குள் ஒன்று பூட்டு மாதிரி உட்காரும், விரலுக்கே தெரியும். அந்தச் சந்திக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று குண்டூசி. சந்தியின் நடுவில் குத்தினால் அங்கேதான் நழுவும். வெட்டுவதற்கு முன்னால் பழைய சேலைக்குக் கஞ்சி போட்டிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். பரவாயில்லை, மீதிச் சேலைக்குப் போடு.

மேல் துணி முடிந்து, பஞ்சு ஷீட்டும் அடித்துணியும் சேர்த்து மூன்று அடுக்காகும்போது குண்டூசியை மறந்துவிடு. சுருட்டி மெஷினுக்குள் தள்ளும்போது அது கழன்று விழும், இல்லாவிட்டால் உன் முழங்கையைக் கிழிக்கும். அங்கே ஊக்குதான். நம் தெருவில் பின்னீசு என்பார்களே, அதேதான். அதிலும் முதுகு வளைந்த ஊக்கு, இதற்கென்றே விற்கிறது. நேரான ஊக்கை மூடும்போது துணியைத் தூக்க வேண்டியிருக்கும், தூக்கினால் அடித்துணி சுருங்கும். வளைந்தது தானாகவே இறங்கி ஏறிவிடும்.

தரையில் அடித்துணியை விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டிவிட்டு, நடுவிலிருந்து வெளியே போ. கையை மடக்கி முஷ்டியை எங்கே வைத்தாலும் அது ஒரு ஊக்கின் மேல் படவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நாலு இஞ்சுக்கு ஒன்று என்று வைத்துக்கொள். உன் போர்வை ஐந்தடிக்கு ஆறடி என்றாய். அகலத்தில் 15, நீளத்தில் 18, ஆக 270 ஊக்கு வேண்டும். நீ வாங்கியிருப்பது 50! நடுவில் மட்டும் குத்திவிட்டு மீதியைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், பின்பக்கம் மடிப்பு மடிப்பாக விழும். பிரித்துத் தைப்பது தைப்பதை விடக் கொடுமை.

ஊக்கு என்றதும் மாப்பிள்ளையிடம் சொல்ல ஒரு கதை. 1849-ல் வால்ட்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர் ஒரு கம்பியை வளைத்து வளைத்து இதைக் கண்டுபிடித்தார். யாருக்கோ 15 டாலர் கடன் பாக்கி, அதை அடைக்க மொத்த உரிமையையும் 400 டாலருக்கு விற்றுவிட்டார். இன்று உலகத்தில் ஊக்கு இல்லாத வீடு இருக்கிறதா? தையல்காரன் மாதிரியே ஒரு மனுஷன்.

உன் பாட்டி இத்தனையும் பார்த்ததில்லை. எட்டு பத்துச் சேலையை அடுக்கி, நாலு மூலையிலும் வேலமுள் குத்தி, மேலே அம்மிக் குழவியை வைத்துவிட்டு ஓட்டுத் தையல் போடுவாள். அந்தச் சேலைப் போர்வைக்குத்தான் பொந்தை என்று பெயர். வேலை முடிந்தால் பொந்தை கனமாக இருக்கும், கோணலாகவும் இருக்கும். அதில்தான் நாங்கள் ஐந்து பேரும் படுத்தோம்.

ஓரத்துக்குப் பட்டி வைக்கும்போது கிளிப் போதும், ஊசி வேண்டாம். ரெக்ஸின், தோல் தைத்தாலும் கிளிப்தான். அதில் குத்திய ஓட்டை மூடாது. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். இதெல்லாம் உனக்கு இப்போது தேவைப்படாது.

ஒன்று மட்டும் விடாமல் செய். எத்தனை ஊக்கு குத்தினாய் என்று காகிதத்தில் எழுதி வை. கழற்றும்போது அத்தனையும் டப்பாவுக்குள் வந்ததா என்று எண்ணு. குட்டிப்பயல் தவழ்கிற வீடு. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று அனுப்புகிறேன், தரையில் உருட்டினால் விழுந்ததெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பித்தளை ஊக்கு மட்டும் ஒட்டாது, அதனால் காந்தத்தை நம்பி எண்ணாமல் இருக்காதே. அப்பா மாதிரி வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசுவதும் வேண்டாம். என் பழக்கத்தை மாற்ற முடியவில்லை, நீ ஆரம்பிக்காதே.

பார்சலில் காந்தத்தோடு கண்ணாடித் தலை ஊசி இரண்டு டப்பா இருக்கிறது. வளைந்த ஊக்கு இங்கே கிடைக்கவில்லை, அங்கேயே வாங்கிக்கொள். பாட்டியின் நீலச் சேலையையும் கேட்டாயே, அம்மா இன்னும் தரவில்லை. பீரோ சாவியைத் தேடுகிறேன் என்று மூன்று நாளாகச் சொல்கிறாள். சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா