அரையாண்டு விடுமுறையை ஒட்டிப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவடைந்தன. விடைத்தாள் திருத்தும் பணி நடைபெற்று வருகிறது. மதிப்பெண் பட்டியல் பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பப்படும். இப்பருவத்தில் நம் மாணவர்கள் விளையாட்டு, கலை, பேச்சு, ஓவியம் எனப் பல துறைகளிலும் பங்கேற்றுப் பரிசுகள் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்துள்ளனர். கோ-கோ அணியும் சிலம்ப அணியும் வழக்கம்போல் நன்றாக ஆடின. இளஞ்செஞ்சிலுவைச் சங்க மாணவர்கள் வேலூர்க் கோட்டை அகழியோரம் தூய்மைப் பணி செய்தார்கள். அனைவருக்கும் பள்ளியின் பாராட்டுகள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான திருப்புதல் தேர்வு அட்டவணை தகவல் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது நம் ரோபோ குழுவைப் பற்றி. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் இந்த ஆண்டு முதன்முறையாகக் குட்டிச் சண்டை ரோபோக்களைத் தாங்களே வரைந்து, அறுத்து, ஒட்டி, ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 150 கிராமுக்குள் அடங்க வேண்டும். பேட்டரிக்கு ஏறத்தாழ 25 கிராம், சக்கர மோட்டார்கள் இரண்டுக்கும் சேர்த்து 20 கிராம், ரிமோட்டின் ஆணையை வாங்கும் ரிசீவருக்கும் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் 10 கிராம் என்று எழுதிக் கூட்டிப் பார்த்து, திருகுகளை மறந்துவிட்டு, பின்பு தவறு தெரிந்து உடல்தகட்டில் துளையிட்டு எடை குறைத்த ஒரு குழுவின் நோட்டை இப்போதும் என் மேசையில் வைத்திருக்கிறேன். லாங்கு பஜாரில் நகைக்கடை வைத்திருக்கும் ஒரு பெற்றோர் தம் தராசைச் சில மாலைகள் இரவல் தந்தார். கிராமுக்குக் கிராம் இவ்வளவு சண்டை நடந்ததை அந்தத் தராசு அதற்குமுன் பார்த்திருக்காது. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளி அளவிலான போட்டி நடைபெறும். தாங்கள் அனைவரும் குடும்பத்தோடு வர வேண்டும்.

இந்த மகிழ்ச்சியினூடேதான், இக்கடிதத்தை எழுதத் தூண்டிய செய்தியையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியுள்ளது. தேர்வுக்கு முந்தைய வாரத்தில், ஒரு மாணவரின் புத்தகப் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒரு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இருப்பதை வகுப்பாசிரியர் கண்டார். அது உப்பிப் போயிருந்தது. செல்களைச் சார்ஜர் தனித்தனியே அளக்க உதவும், மூன்று முனை கொண்ட வெள்ளை நிறச் சமநிலை இணைப்பியைக் காணவில்லை. சிவப்பு, கறுப்பு ஒயர்களின் உறையைச் சீவி, செலோடேப் சுற்றியிருந்தார்கள். விசாரித்தபோது, வீட்டில் வைஃபை ரூட்டருக்கு வந்த 12 வோல்ட் அடாப்டரில் நேராக இணைத்து இரவு முழுவதும் சார்ஜ் போட்டதாக அந்தப் பிள்ளை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்ன பிள்ளை அவர். ஆனால் அந்தப் பேட்டரியில் இருந்தவை இரண்டே செல்கள். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து 8.4 வோல்ட்தான் உச்சவரம்பு. அதற்கென உள்ள சார்ஜர், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து உரிய இடத்தில் நிறுத்திக்கொள்ளும். ரூட்டர் அடாப்டருக்கு நிறுத்தத் தெரியாது. அளவு மீறிய செல்லுக்குள் வாயு சேர்ந்து உறை உப்புகிறது. அதற்குப் பின் ஓர் அழுத்தமோ ஒரு குத்தோ போதும், தீப்பிடிக்கும். அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு.

அந்தப் பை அன்று காலை பாகாயத்திலிருந்து, பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்த ஓர் ஆட்டோவில் வந்து சேர்ந்தது. (ஆட்டோவில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம், அதையும் எழுதுவேன்.)

இது ஒரு வீட்டில் மட்டும் நடந்ததாக இருந்தால் அந்தப் பெற்றோரை அழைத்துப் பேசியிருப்பேன். விசாரித்ததில், பள்ளி ஆய்வகம் தந்த பேட்டரி போதாதென்று வேறு சில வீடுகளிலும் இணையத்தில் தனியாகப் பேட்டரியும் பெரிய மோட்டாரும் வாங்கித் தரப்பட்டிருப்பதும், மொட்டைமாடியில் பிளேடு மாட்டிச் சுழற்றிப் பார்க்கப்படுவதும் தெரிய வந்தது. சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில், சுழன்ற பிளேடிலிருந்து கழன்ற திருகு ஒன்று தண்ணீர்த் தொட்டியைத் துளைத்திருக்கிறது. தொட்டிக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை.

இயற்பியல் படித்தவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மோட்டாரின் மேல் 2300 கே.வி. என்று பொறித்திருந்தால், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2300 சுற்று என்று பொருள். முழுதாகச் சார்ஜ் ஆன 8.4 வோல்ட் பேட்டரியில், சுமையில்லாத நிலையில் அது 19,000 சுற்றைத் தாண்டும். பிளேடு மாட்டிய பின் காற்றின் தடையால் பாதியாகக் குறைந்து 10,000 என்றே வைத்துக்கொள்வோம். 6 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறிய பிளேடின் விளிம்பு அப்போது வினாடிக்கு 31 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 113 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம் ஊரைக் கடந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்துகள்கூட இந்த வேகத்தில் போவதில்லை. இரண்டு செல்லுக்குப் பதில் மூன்று செல் பேட்டரி வாங்கித் தந்தால் வேகம் ஒன்றரை மடங்காகும். மோதும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இரண்டேகால் மடங்காகும். ரோபோவின் எடை 150 கிராம்தான் என்பதால் அது பொம்மை ஆகிவிடாது.

இதனால்தான் ஆய்வகத்தில் பிளேடு உள்ள ரோபோவை 6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் பலகையால் மூடிய பெட்டிக்குள் மட்டுமே இயக்க விடுகிறோம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் அக்ரிலிக் பலகை அடி விழுந்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். பாலிகார்பனேட் வளைந்து தாங்கும். பிளேடுக்குப் பூட்டு போட்ட பிறகுதான் பேட்டரியை இணைப்பார்கள். பெட்டியின் கதவை மூடுவதற்கு முன் கடைசியாகப் பூட்டை எடுப்பார்கள். ரிமோட்டை அணைத்தால் பிளேடு தானாக நிற்கிறதா என்பதை, பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு முதலில் சோதிப்பார்கள். மொட்டைமாடியில் இவற்றில் எதுவும் கிடையாது.

பெற்றோர் சிலர் என்னிடம் நேரிலேயே, ‘பிளேடு இல்லாமல் என்ன சண்டை ரோபோ சார்?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மும்பை ஐ.ஐ.டி.யின் டெக்ஃபெஸ்ட் விழாவில் 60 கிலோ ரோபோக்கள் மோதித் தீப்பொறி பறப்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தாங்களும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் முதல் ரோபோ செய்பவருக்கு ஏற்றது, எதிரியின் அடியில் நுழைந்து தூக்கித் தள்ளும் சாய்தகடு வடிவம்தான் என்பது என் உறுதியான கருத்து. எதிரியை அடிக்கும் பிளேடு அதே அளவு அடியைத் தன் உடலுக்கும் கொடுக்கிறது. செங்குத்தாகச் சுழலும் பிளேடு வைத்த ரோபோவை விரைவாகத் திருப்பினால் சுழல்விளைவால் ஒரு பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிடும். ஓட்டிப் பழகாத பிள்ளை அங்கேயே தடுமாறும். எங்கள் பயிற்சி ஆட்டங்களில் பிளேடு அடித்துத் தோற்ற ரோபோக்கள் குறைவு. சக்கரம் கழன்றும், ஈயப்பற்று விட்டும், ஒயர் பிடுங்கிக்கொண்டும் நகர முடியாமல் நின்று தோற்றவையே அதிகம். முதலாண்டில் பிள்ளைகள் கற்க வேண்டியது இவற்றைத்தான். இனி, பிளேடு இரண்டாம் ஆண்டில்தான் வரும்; அதுவும் ஆய்வகப் பெட்டிக்குள்.

ஆகவே, இன்று முதல் பின்வரும் முறை நடைமுறைக்கு வருகிறது. ரோபோவின் உடல், சக்கரம், வரைபடம் ஆகியவற்றை விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். பேட்டரியும் சார்ஜரும் பிளேடும் ஆய்வகத்தைவிட்டு வெளியே போகா. அவை மணல் பரப்பிய இரும்புப் பெட்டியில், செல்லுக்கு 3.8 வோல்ட் என்ற இருப்பு அளவில் வைக்கப்படும். விடுமுறையின் வேலைநாள்களில் காலை 10 முதல் 12 மணி வரை ஆய்வகம் திறந்திருக்கும். ஓட்டிப் பழக விரும்பும் பிள்ளைகளைத் தாங்களே கொண்டுவந்து விட்டு, தாங்களே அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டில் செய்வதற்கும் வேலை இருக்கிறது. அட்டையில் முழு அளவு மாதிரி வெட்டிப் பார்ப்பது, கழன்று விழும் இடங்களை யோசித்து மாற்று வரைவது, உதிரிகளின் எடைப் பட்டியலைச் சரிபார்ப்பது ஆகியவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. இணையத்தில் உதிரிபாகம் வாங்கும் முன் ஆசிரியரைக் கேட்பதும் நல்லது. இங்கிலாந்தில் ஆன்ட்வெயிட் (எறும்பு எடை) என்றால் 150 கிராம் ரோபோ வகை. அமெரிக்காவில் அதே பெயர் 454 கிராம் வகைக்கு. இதை அறியாமல் வாங்கிய பெரிய மோட்டார்கள் இரண்டு வீடுகளில் சும்மா கிடக்கின்றன.

வீட்டில் ஏற்கெனவே லிப்போ பேட்டரி இருந்தால், அதைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். பெற்றோர் யாரேனும் நேரில் கொண்டுவந்து ஆய்வகத்தில் ஒப்படைக்கவும். பெயர் எழுதி வைத்து, போட்டி முடிந்த பின் திருப்பித் தருவோம். உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் போடவோ, குத்திப் பார்க்கவோ, குப்பைத்தொட்டியில் போடவோ கூடாது. மணல் நிரப்பிய வாளியில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு, பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தெரிவிக்கவும். ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலோ பூட்டிய காருக்குள்ளோ வைக்க வேண்டாம். மார்கழிதானே என்று எண்ண வேண்டாம். நம் வேலூரில் மார்கழி விடியலுக்குத்தான் குளிர், மதியத்துக்கு அல்ல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி திறந்த பிறகு எந்த மாணவரின் பையிலாவது லிப்போ பேட்டரி இருப்பது தெரிந்தால், அம்மாணவர் இடம்பெற்ற குழு போட்டியிலிருந்து நீக்கப்படும். அறியாமல் நடந்தது, அண்ணன் வைத்தது, ஒருநாள்தானே என்பன போன்ற விளக்கங்கள் ஏற்கப்பட மாட்டா. யாருடைய பரிந்துரையோடும் இதற்காக என்னைச் சந்திக்க வர வேண்டாம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவன். வாங்கித் தருபவர் பெற்றோர் என்பதால், இக்கண்டிப்பு பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிள்ளையின் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்து, கேட்டதை வாங்கித் தந்த அன்பை நான் குறைவாக மதிக்கவில்லை. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி மோட்டார் வாங்கித் தந்த தந்தையரையும், முப்பரிமாண அச்சில் எடுத்த உடல்தகட்டை உப்புத்தாளால் தேய்க்கப் பிள்ளையோடு இரவில் உட்கார்ந்த தாய்மாரையும் அறிவேன். இந்தக் குழு இவ்வளவு தூரம் வந்ததே தங்களால்தான். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் ஒரு பெற்றோர் கொண்டுவந்து கொடுத்த அடிப்பாக ரப்பர்த் துண்டுகளைச் சக்கரத்தில் ஒட்டிய பிறகுதான் ரோபோக்கள் வழுக்காமல் தள்ளத் தொடங்கின. காட்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் இன்னொரு பெற்றோர், பாலிகார்பனேட் பெட்டிக்கான இரும்புச் சட்டத்தைக் கூலி வாங்காமல் பற்றவைத்துத் தந்தார். அவர்களுக்கும், தராசு தந்தவருக்கும், உப்பிய பேட்டரியைப் பதறாமல் வெளியே எடுத்துச் சென்று மணலில் வைத்த வகுப்பாசிரியருக்கும் பள்ளியின் நன்றி.

இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையொப்பமிட்டு, பள்ளி திறக்கும் நாளன்று பிள்ளையிடம் கொடுத்தனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். ரோபோ குழுவில் இல்லாத மாணவர்களின் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும். நண்பன் கொடுத்துவைக்கச் சொன்னான் என்று பேட்டரி பை மாறுவதும் நடந்திருக்கிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி. தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்