ஒரு சாண் போதும், அண்ணே

அண்ணே,

நாளையோடு ஒரு வருஷம். என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். வேறு யார் வாய் வழியாகவோ அது உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். போனை எடுக்க மாட்டீர்கள். இங்கே எழுதினால் படிப்பீர்கள். உங்களோடு சேர்ந்து குளச்சலிலிருந்து மார்த்தாண்டம் வரை நாலு பேர் படிப்பார்கள் என்பதும் தெரியும். அதனால் சில இடங்களில் வாயைக் கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நம்ம பையன் இனிமேல் பறக்க மாட்டான்.

விசேஷ சக்தி வந்த பிள்ளைகளை வைத்து நாம் எடுக்கிற சிரிப்புப் படத்தில், மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலே அவன் சாடிப் பறக்கிற காட்சியை வெட்டிவிட்டேன். புதுப் பிரதியில் அவனால் தரையிலிருந்து ஒரு சாண்தான் எழும்ப முடியும். ஒன்பது அங்குலம். அதற்கு மேல் ஒரு நூல் கிடையாது.

கோபப்படுவீர்கள். படுங்கள். ஆனால் கேட்டுவிட்டுப் படுங்கள்.

115 அடி உயரப் பாலத்துக்கு மேலே பறக்கிறவனைப் பார்த்து அவன் அம்மா என்ன சொல்லமுடியும்? வாயைப் பிளந்து நிற்பாள், அவ்வளவுதான். ஒரு சாண் மிதக்கிறவனைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும். 'எனக்க பிள்ளைக்குச் செருப்பே தேயாது கேட்டியளா' என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசுவாள். காற்றுக் காலத்தில் பயந்துபோய்ப் புத்தகப்பையில் உரிக்காத தேங்காய் இரண்டை வைத்து அனுப்புவாள். பி.இ.டி. சார் உயரம் அளக்கும்போது 'எலே, காலைத் தரையில ஊணுலே' என்று கத்துவார். மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று ஒரு கட்டம் உண்டே, மச்சம் எழுதுகிற இடம், அங்கே கிளார்க் என்ன எழுதுவார்? அந்த ஒரு கட்டத்தை வைத்தே ஐந்து நிமிஷம் ஓட்டலாம்.

குடும்ப நகைச்சுவைக்கு இதுதான் கணக்கு என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு வந்த சக்தி அடுத்த காட்சிக்குள் வீட்டு வேலையாகிவிட வேண்டும். முறைத்தால் தண்ணீர் கொதிக்கிற பிள்ளை உலகத்தைக் காப்பாற்றுவது இருக்கட்டும். முதலில் அவளை அடுக்களையில் உட்காரவைத்து, 'இந்த மரச்சீனியைக் கொஞ்சம் பாரு மக்களே' என்பார்கள், கிழங்கு வெந்துவிடும், கேஸ் மிச்சம். காற்றை வரவழைக்கிற பிள்ளையைக் காற்றாலைகள் நிற்கிற ஆரல்வாய்மொழியில் படிக்கவிட்டால் அவளுக்குச் சக்தி இருப்பதே ஒருத்தருக்கும் தெரியாது. கலைவாணர் நம்ம ஒழுகினசேரிக்காரர் என்று மார்தட்டுவீர்களே, அவர் வாங்கின சிரிப்பெல்லாம் தரையில் நின்று வாங்கினதுதானே?

எடுக்கவும் இது கைக்கு அடங்கும். அவனை முக்காலியில் நிறுத்தி எடுத்து, அப்புறம் படத்திலிருந்து முக்காலியை அழித்துவிடுவது. முக்காலி உயரம் ஒரு சாண். மேல்பலகை ஏழு அங்குல அகலம், ஐந்து அங்குல நீளம். அவன் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்தால் பலகை தெரியக் கூடாது, செருப்பு வெளியே தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். பலகையை முன்பக்கம் சரித்து அடித்திருக்கிறேன். தட்டையாக அடித்த முதல் முக்காலி வீணாகிப்போனது. பாதம் தட்டையாக இருந்தால் கீழே இருப்பதை எவ்வளவு அழித்தாலும் 'எது மேலயோ ஏறி நிக்கான்' என்றுதான் கண் சொல்லும். கால்விரல் கீழே தொங்கினால்தான் மிதப்பு. சரிந்த பலகையில் ஆள் தடுமாறுவான், அதனால் காலெல்லாம் இரண்டடிப் பலகையில் ஆணியடித்து நிற்கிறது. அதுவும் சேர்ந்துதான் அழியப்போகிறது, எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன.

போன் கேமராவை ஸ்டாண்டில் இறுக்கி, ஃபோகஸ், வெளிச்சம், நிறம் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். போனைத் தானாக விட்டால் பையன் நகர்ந்ததும் படம் ஒரு இழை வெளுக்கும், ஒட்டுப்போட்ட கோடு பளிச்சென்று தெரிந்துவிடும். பையனோடு ஒரு தடவை, பையனும் முக்காலியும் இல்லாமல் ஒரு தடவை. வெறும் தரையை அந்த ஒரு நிமிஷத்துக்குள்ளேயே எடுத்துவிட வேண்டும். அப்புறம் முக்காலி இருக்கிற இடத்தில் மட்டும் வெறும் தரையை ஒட்டுவது. வகுப்பறை டியூப்லைட்டில் எடுத்தால் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு நொடி. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், வேறெதையாவது வைத்தால் படத்தில் பட்டை ஓடலாம்.

நிழல்தான் காலை வாரும். வெயில் 45 பாகையில் நின்றால், ஒரு சாண் மேலே இருக்கிறவன் நிழல் காலை விட்டு ஒரு சாண் தள்ளி விழும். முக்காலி நிழலும் அதே இடத்தில்தான் கிடக்கும். இரண்டையும் பிரித்து வெட்டுவதற்குள் விடிந்துவிடும். அதனால் ஜூன், ஜூலை மூடாப்பில் எடுக்கலாம் என்றிருக்கிறேன். நிழல் மெழுகினமாதிரி மங்கலாகக் கிடக்கும். மேகம் ஓடுகிற நாள் ஆகாது, இரண்டு தடவைக்கும் வெளிச்சம் மாறிவிடும். கோழியையும் விரட்டிவிட வேண்டும். வெட்டுக்கோட்டைத் தாண்டினால் பாதிக் கோழி காணாமல் போகும். (ஒரு காட்சியில் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசிக்கிறேன்.)

அவன் எழும்புகிற அந்த நொடிக்கு முக்காலி உதவாது, சாடத்தான் வேண்டும். ஓரடி உயரம் சாடினால் ஆள் காற்றில் இருப்பது அரை நொடி. நூறு ஃபிரேமில் எடுத்து இருபத்தைந்தில் ஓட்டினால் இரண்டு நொடி ஆகும். காட்டிக்கொடுப்பது சட்டை. இறங்கும்போது மேலே தூக்கும், உடனே சாட்டம் என்று தெரிந்துவிடும். உள்ளே செருகி நாலு ஊக்கு. டஸ்டரும் சாக்பீஸும் பறக்க 0.20 மில்லிமீட்டர் தங்கூசி, அந்தத் தூண்டில் நரம்பு, போதும். ஒன்றில் தொங்கவிட்டால் சுற்றும், இரண்டில் கட்ட வேண்டும். காணாமல் போகிற பிள்ளைக்கு வழியே புதிதில்லை. கேமராவை நிறுத்தி ஆளை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவதை மெலியெஸ் என்ற சினிமாக்காரர் 1896-லேயே பிரான்ஸில் செய்துவிட்டார்.

இப்படி நூல்நூலாக எழுதுவது எதைச் சுற்றிக்கொண்டு போவதற்கு என்று உங்களுக்குத் தெரியும்.

பையனைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பறக்கவைக்கும் முன்னால் சோதனைக்குக் கட்டின அந்த மணல்மூட்டை. ஐம்பது கிலோ. மேடை உத்தரத்தில் கப்பி, கப்பியில் அந்தக் கயிறு. தூக்கினீர்கள், தொங்கியது, 'பாத்தியா' என்றீர்கள். சும்மா தொங்குவது வேறு, விழுந்து நிற்பது வேறு என்றேன். செரி, விட்டுப் பாப்போம் என்று ஒரு மீட்டர் விட்டீர்கள். கயிறு ஒரு சாண் அளவுக்கு இழுபட்டிருக்கும். 20 சென்டிமீட்டர் என்றே வையுங்கள். விழுந்த ஒரு மீட்டரும் இழுபட்ட இருபதும் சேர்ந்த வேகத்தை அந்த இருபதுக்குள் நிறுத்த வேண்டும், சராசரி ஆறு மடங்கு. ஐம்பது கிலோ முந்நூறாகிறது, உச்சத்தில் அதைவிடக் கூட. முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் பாதிவரைகூடக் குறையும். அது தண்ணீரில் மிதக்கிற பாலிப்ரொப்பிலீன் கயிறு, வள்ளத்துக்கு அருமை, வெயிலுக்கு ஆகாது. பல வருஷ வெயில். அதைத் தடவிய கையில் வெள்ளையாகப் பொடி ஒட்டியது, உங்கள் கையிலும் ஒட்டியிருந்தது. முடிச்சிலேயே அறுந்தது. மூட்டை வெடித்து மேடை முழுக்க மணல். அந்தப் பையன் சிரித்தான். அடுத்து ஏறவேண்டியவன் அவன்.

அப்போது நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதப்போவதில்லை. கேட்ட பிள்ளைகள் ஒன்பது பேர், அதுவே அதிகம். அதைச் சொன்னது தப்பு. பிள்ளைகள் முன்னால் சொன்னது அதைவிடத் தப்பு. பயத்தில் வந்தது என்று சொன்னால் சாக்கு, ஆனால் பயத்தில்தான் வந்தது. நீங்களும் ஒரு வார்த்தை சொன்னீர்கள். கடல்காரனுக்குக் கயிறு படிப்பிக்க வந்தியா என்று. வாங்கிக்கொண்டேன். ஆனால் அண்ணே, கடலில் கயிறு அறுந்தால் வலை போகும். ஆளைத் தொங்கவிடுகிறவர்கள் பத்து மடங்கு பலம் வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள், கயிறுக்கு வயசு எழுதி வைப்பார்கள். இடுப்புக் கொக்கி எடைமையத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் கயிறு அறாமலே பையன் தலைகீழாகக் கவிழ்வான். இதையெல்லாம் சொன்னபோது மீசையைத் தடவிக்கொண்டு கிழக்கே பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

பிள்ளைகள் இன்னும் கப்பி போடுகிற இடத்தில்தான் வந்து கூடுகிறார்கள். 'அவரு வரலியா' என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், நீங்கள் கொண்டுவருகிற கடை வேறு போல.

பாலக்காட்சியை எடுக்கவே முடியாது என்றில்லை. பெஞ்சில் பச்சைத்துணி விரித்து அவனைக் குப்புறப் படுக்கவைத்து, பெடஸ்டல் ஃபேன் வைத்து, பாலத்தைத் தனியாக எடுத்து ஒட்டலாம். இரண்டிலும் வெயில் ஒரே பக்கத்திலிருந்து வரவேண்டும், அவ்வளவுதான். தெரிந்தேதான் வெட்டினேன். ஒரு சாணில்தான் அவன் சிரிப்பு வருகிறது. உங்களுக்காக அதைத் திரும்ப வைக்கமாட்டேன்.

இனி உங்களுக்குத் தெரியாத ஒன்று. கப்பியைக் கிரீஸ் போட்டு, உப்புக்காற்று படாமல் பாலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளலாம், ஆள் அனுப்பினாலும் கொடுத்துவிடுகிறேன். கயிற்றைத் திருப்பித் தரமுடியாது. அன்று ராத்திரியே வெட்டிவிட்டேன். ஒருதரம் அறுந்த கயிறை முழுசாக வைத்திருந்தால் என்றைக்காவது ஒருத்தன் எடுத்து எதையாவது தொங்கவிடுவான். அதனால்தான் வெட்டுவது, வேறு காரணம் இல்லை. அது யார் வள்ளத்துக் கயிறு என்று வெட்டும்போது எனக்குத் தெரியும். இங்கே அதை எழுதமாட்டேன்.

நடுவிலிருந்து நாலு முழம் மட்டும் வெட்டாமல் வைத்திருக்கிறேன். கப்பியோடு அதே பொட்டலத்தில் இருக்கிறது. அதில் துணிகூடக் காயப்போட வேண்டாம்.