செயலாளரின் ஆண்டறிக்கை: நம் மூத்த தலைவர்களைப் போற்றிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, இளம் தொண்டர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நடந்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இந்த ஆண்டு நாம் அதிக நேரமும் மனமும் கொடுத்துச் செய்த ஒரு பணியைப் பற்றி விரிவாகப் பேச அனுமதி கேட்கிறேன்.

கூட்டங்களும் வழக்கமான பணிகளும்

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ரத்த தானம், கண் பரிசோதனை முகாம், மாணவர்களுக்கான புத்தக வங்கி, தனித்து வாழும் முதியோரைப் போய்ப் பார்த்துவரும் பணி எல்லாம் தடையில்லாமல் நடந்தன. புத்தக வங்கியைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள், புத்தகம் வாங்கிப்போன மாணவர்களையே அழைத்துவந்து, அடுத்த ஆண்டு மாணவர்களுக்காகக் கிழிந்ததை ஒட்டவும் அட்டை போடவும் வைத்தார்கள். நல்ல யோசனை. வரும் ஆண்டிலும் இதைத் தொடர வேண்டும். இந்த ஆண்டு நம்மைப் பிரிந்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கலை இந்த அறிக்கையிலும் பதிவு செய்கிறேன்.

மூத்த தலைவர்களைப் போற்றும் பணி

இந்தப் பணிக்கு வித்திட்டது சென்ற பொதுக்குழுவில் ஓர் இளம் உறுப்பினர் எழுந்து கேட்ட கேள்வி. புத்தக வங்கியைத் தொடங்கியது யார் என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. தொடங்கியவரோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றித் தானே எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டார். அன்று மாலையே, வாழ்நாள் முழுவதும் இந்தச் சங்கத்துக்கு உழைத்தவர்களை முறையாகக் கௌரவிக்க ஒரு குழு அமைப்பதென்று தலைவர் அறிவித்தார்.

குழுவின் முதல் கூட்டத்தில், எல்லாரும் எதிர்பார்க்கும்படி, மேடை, கேடயம், பாராட்டுப் பத்திரம் என்றுதான் பேச்சு ஓடியது. யாரைக் கௌரவிக்க நினைத்தோமோ அவர்களிடமே போய்க் கேட்டபோதுதான் பேச்சு திசை மாறியது. அவர்களில் ஒருவர், கேடயம் வேண்டாம், தான் பார்த்துவந்த வேலையை எடுத்துக்கொள்ள நம்பிக்கையான ஒரு ஆளைக் கொடுங்கள், அது போதும் என்றார். சற்று நேரம் குழுவில் யாரும் பேசவில்லை. அப்புறம் நாங்கள் போட்ட திட்டம் எல்லாமே அந்த ஒரு பேச்சின் மேல் எழுந்ததுதான்.

மாதக் கூட்டங்களில் சிறிது நேரம் ஒதுக்கி, உலகச் சேவை அமைப்புகள் தங்கள் மூத்தவர்களை எப்படி நடத்தின என்று படித்துப் பகிர்ந்துகொண்டோம். என்னை அதிகம் பாதித்தது ஹென்றி துனான் பற்றிய பேச்சு. 1859ல் வட இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த வீரர்களைக் கண்டு, பக்கத்து ஊர் மக்களைத் திரட்டி, எந்தப் பக்கத்து வீரர் என்று பாராமல் பணிவிடை செய்ய வைத்தவர் அவர். 1863ல் ஜெனீவாவில் ஐந்து பேர் சேர்ந்து அமைத்த குழுதான் பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கமாக வளர்ந்தது. அந்தக் குழுவின் செயலாளர் துனான். 1867ல் தொழிலில் நொடித்துப் போனார். அடுத்த ஆண்டே அந்தக் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. பிறகு பல ஆண்டுகள் வறுமையில் அலைந்து, சுவிட்சர்லாந்தில் ஹைடன் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் ஒதுங்கினார். அவர் தொடங்கிய இயக்கம் நாடு நாடாகப் பரவிக்கொண்டிருந்தபோது, அவர் உயிரோடு இருப்பதே பலருக்குத் தெரியாது. 1895ல் ஒரு பத்திரிகையாளர் தேடிப்போய்ப் பார்த்து எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1901ல் அமைதிக்கான முதல் நோபல் பரிசு அவருக்கும் ஃபிரெடெரிக் பாசிக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. இன்று அவர் பிறந்த மே 8ஐ உலகச் செஞ்சிலுவை நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் நடுவில் கழிந்த அந்த ஆண்டுகளை யாராலும் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை. அன்றைய பேச்சு முடிந்ததும், நம் சங்கத்தில் வீட்டோடு இருந்துவிட்ட மூத்தவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்கத் தொடங்கினோம். முகவரி மாறிப்போனவர்களை விசாரித்துக் கண்டுபிடித்தோம்.

பால் ஹாரிஸைப் பற்றிய பேச்சு வேறொரு வழி காட்டியது. 1905ல் சிகாகோவில் ரோட்டரியைத் தொடங்கியவர் அவர். ஆனால் முதல் தலைவர் பதவியில் தான் உட்காராமல் தன் நண்பர் சில்வெஸ்டர் ஷீலை உட்கார வைத்தார். 1947 ஜனவரியில் அவர் மறைந்தபோது, மலருக்குப் பதில் ரோட்டரியின் அறக்கட்டளைக்கு நன்கொடை தாருங்கள் என்ற அவருடைய விருப்பத்தை ஏற்று உலகமெங்கும் இருந்து நிதி குவிந்தது. அதை வைத்து 18 மாணவர்களை வெளிநாட்டில் மேல்படிப்புக்கு அனுப்பினார்கள். ஒருவரின் நினைவு அடுத்தவரின் படிப்பாக மாறியது. இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரிந்து இல்லை. நம் ஆட்களுக்கு அதை அவர்கள் வாழும்போதே செய்துவிட வேண்டும் என்பதுதான் குழு எடுத்த முடிவு.

அடுத்தது, யாரைத் தேர்ந்தெடுப்பது. எத்தனை ஆண்டு பதவியில் இருந்தார் என்ற கணக்கை ஓரமாக வைத்தோம். தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறதா, பதவி போன பிறகும் வேலை செய்தாரா, வேறு ஆட்களை உருவாக்கினாரா என்றுதான் பார்த்தோம். இந்த ஆண்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தோம். பெயர்கள் பாராட்டு மடலில் இருக்கின்றன. பெயரைச் சொன்னால் அவர்களே கூச்சப்படுவார்கள் என்பதால் இங்கே அவர்கள் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நம் ரத்த தானப் பொறுப்பாளர் அண்ணன். முகாமில் எத்தனை பேர் ரத்தம் கொடுத்தார்கள் என்றுதான் நாம் எல்லாரும் பெருமையாகப் பேசுவோம். அண்ணன் அப்படிப் பார்க்கவே மாட்டார். சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தாலும் 42 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தட்டணுக்களுக்கு ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள். எல்லாரையும் ஒரே நாளில் கொடுக்க வைத்துவிட்டால், இரண்டு மாதம் கழித்து ஒரு பிரசவத்துக்கோ விபத்துக்கோ அவசரமாகக் கேட்கும்போது யாரிடம் போவது? ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க இடைவெளி விட வேண்டுமே. அதனால் முகாமுக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதியினரை அன்பாகப் பேசித் திருப்பி அனுப்பிவிட்டு, அவர்களைக் கூப்பிடும் பட்டியலில் வைத்துக்கொள்வார். ஓ நெகட்டிவ்காரர்களை முகாம் பக்கமே வரவிட மாட்டார். அவர்களின் சிவப்பணுக்களை அவசரத்தில் எந்த வகைக்கும் ஏற்றலாம். ஆனால் அவர்களுக்கே தேவை வந்தால் ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏற்ற முடியும். ஆகவே அவர்கள் ஒருவருக்கொருவர் காப்பு என்பார். இதெல்லாம் அவருடைய பழைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. யாருக்கு எந்த நேரம் போன் செய்யலாம், யாருக்கு இரவுப் பணி, யார் சமீபத்தில் காய்ச்சலில் படுத்து எழுந்தார் என்பது வரைக்கும். இந்த ஆண்டு இரண்டு இளைஞர்கள் மாதக்கணக்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டைக் கற்றுக்கொண்டார்கள். பெயர்களைக் கணினியில் ஏற்றுவது சுலபமாக முடிந்தது. மறுத்துவிட்ட கொடையாளரிடம் மனம் நோகாமல் அடுத்த முறை எப்படிப் பேசுவது என்பதைப் பழகத்தான் நாள் பிடித்தது.

இரண்டாவது, முன்னாள் பொருளாளர் ஐயா. ரசீது இல்லாமல் ஒரு செலவையும் ஏற்காதவர். தலைவரே ஆனாலும் இரண்டாவது கையெழுத்து இல்லாமல் காசோலை போகாது. அந்தக் காலத்தில் பலருக்கு அவர்மேல் வருத்தம் இருந்தது. இன்றைக்கு நம் சங்கத்தின் பெயரைச் சொன்னால் முன்பின் தெரியாதவர்கூட நம்பி நன்கொடை தருகிறார் என்றால், அந்தக் கண்டிப்புதான் காரணம்.

மூன்றாவது, முதியோரைப் பார்த்துவரும் பணியைத் தொடங்கிய அம்மா. எந்தப் பதவியிலும் ஒருநாளும் இருந்ததில்லை. வீடுகளுக்குப் போவதை அவர் ஒரு முறையாகவே வகுத்திருந்தார். ஒரு வீட்டுக்கு எப்போதும் ஒரே ஆள், வாரத்தில் ஒரே நாள். ஆள் மாறினால் பெரியவர்கள் மறுபடி முதலிலிருந்து தங்கள் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும், அது அவர்களைக் களைப்படையச் செய்யும் என்பார். போனதும் உட்கார வேண்டும், நின்றுகொண்டே நலம் விசாரிக்கக் கூடாது. மாத்திரைப் பட்டையில் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். அவர்கள் எதைக் கொடுத்தாலும் பொருளாக வாங்கிவரக் கூடாது. படம் எடுக்கவே கூடாது. இந்த விதிகளை அவர் சொல்லச் சொல்ல எழுதி, புதிதாக வரும் தொண்டர்களுக்கான கையேடாக இந்த ஆண்டு அச்சிட்டோம். என் பார்வையில் நம் சங்கம் வெளியிட்டதிலேயே பயனுள்ள ஆவணம் அதுதான்.

நான்காவது, நம் சங்கத்தைத் தொடங்கிய நிறுவனத் தலைவர் ஐயா. அவரைக் குறித்துக் குழுவில் ஒரு வாதமே நடந்தது. அவருக்கு ஆயுள் தலைவர் என்ற பதவியைத் தரலாம் என்றனர் சிலர். அவர் அதை உடனே மறுத்துவிட்டார். ரோட்டரி சங்கங்களில் தலைவர் பொறுப்பு ஓராண்டுதான், முடிந்ததும் அவர் மற்ற உறுப்பினர்களோடு உட்கார்ந்து வேலை செய்கிறார், அதனால்தான் அங்கே புதியவர்கள் வளர்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். அவரும் அப்படித்தான் நடந்திருக்கிறார். பதவியை விட்ட பிறகு தனக்கு அடுத்து வந்த எந்தத் தலைவரின் முடிவையும் அவர் வெளியே விமர்சித்து நான் கேட்டதில்லை. ஆலோசனை கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் கண் பரிசோதனை முகாமில் வரிசையைச் சரிசெய்துகொண்டிருப்பார். லயன்ஸ் இயக்கத்தின் மெல்வின் ஜோன்ஸும் இப்படிப்பட்டவர் என்று படித்தோம். 1917ல் அதற்கு வழிவகுத்தவர் அவர். தலைவராக வேறொருவர் இருக்க, செயலாளராக இருந்து தன் காப்பீட்டுத் தொழிலையும் விட்டுவிட்டு 1961ல் மறையும்வரை அந்த வேலையிலேயே இருந்தார். வாழ்நாள் தலைமை வேறு, வாழ்நாள் பதவி வேறு என்பதை நம் நிறுவனத் தலைவர் நமக்கு நடந்தே காட்டியிருக்கிறார்.

பாராட்டு விழா எளிமையாக நடந்தது. வெளியிலிருந்து சிறப்பு விருந்தினர் யாரையும் அழைக்கவில்லை. ஒவ்வொருவரைப் பற்றியும் அவரிடம் வேலை கற்றுக்கொண்டவரே பேசினார். கௌரவம் பெற்றவர்களின் வாழ்க்கைத் துணைகளையும் பிள்ளைகளையும் மேடைக்கு அழைத்து நன்றி சொன்னோம். நம் பணிக்காக வீட்டில் விட்டுக்கொடுக்கப்பட்ட மாலைகளும் விடுமுறைகளும் அவர்களுடையவை. படுக்கையில் இருந்த ஒருவரை அதற்கு முந்தைய நாளே வீட்டில் போய்ப் பார்த்து, அவருக்கான பாராட்டை அங்கேயே வாசித்தோம். விழாவுக்கு வர முடியாதவருக்கு விழா இல்லை என்று ஆகிவிடக் கூடாது.

நான்கு பேரின் நினைவுகளையும் குரல் பதிவாக எடுத்து எழுத்தாக்கி வருகிறோம். பதிவில் மற்றவர்களின் சொந்த விஷயங்கள் வந்த இடங்களை அவர்களிடமே காட்டி, அவர்கள் சொன்னபடி நீக்கினோம். மிச்சம் சங்க அலுவலகத்தில் இருக்கும். உறுப்பினர் யாரும் கேட்கலாம்.

வரும் ஆண்டுக்கு

செயற்குழு சார்பில் இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பவை இவை. மூத்த உறுப்பினர்களின் நினைவுகளைப் பதிவு செய்வதை ஆண்டுதோறும் நடத்த வேண்டும். கௌரவம் பெறுபவருக்கு அதனால் தனிப் பதவியோ கூடுதல் வாக்கோ வராது. ஆனால் அவர் பார்த்த பணி குறித்து முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அவரைக் கட்டாயம் அழைக்க வேண்டும். ஒவ்வொரு பணிப் பொறுப்பாளரும் தன்னோடு ஒருவரைப் பழக்கிக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. கண் பரிசோதனை முகாமுக்கும் புத்தக வங்கிக்கும் ஆள் கிடைத்துவிட்டார்கள். முதியோரைப் பார்த்துவரும் பணிக்கு இன்னும் சிலர் தேவை. வாரத்தில் ஒரு மாலை தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் அம்மாவிடம் பெயர் கொடுங்கள்.

ஆண்டு முழுவதும் துணை நின்ற தலைவருக்கும், செயற்குழுவுக்கும், விழாக் குழுவுக்கும், பதிவுகளைக் கேட்டு எழுதிய மாணவத் தொண்டர்களுக்கும், நன்கொடையாளர்களுக்கும் நன்றி கூறி, இந்த ஆண்டறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்